கேட்காத குறிகாரன்

என் தம்பி விளையாட்டில் எடுத்துக்கொண்ட வேடம் குறிகாரன். வருடக் கணக்கில் அந்த வேடத்தில் இருந்தும் உருப்படியாக ஒரு குறி கேட்டதில்லை. காணாமல் போன ஆடு எந்தப் பக்கம் போனது, நாளைக்கு மழை வருமா, இந்தச் சத்திரத்துக் குழம்பை நம்பிச் சாப்பிடலாமா என்று இப்படித்தான் கேட்பான். பெரிய கேள்வி ஒன்று அவன் கையில் இருந்தது. அதை மட்டும் தொடவே மாட்டான். நாங்கள் கேலி செய்தால், "உங்க நல்லதுக்குத்தான் லா கேட்காம இருக்கேன்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, மலேசியாவில் ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் தம்பியின் வீட்டு முன்னறையில் உட்காருவோம். நான், தம்பி, அவனோடு படித்த நண்பன் ஒருவன், அவ்வளவுதான் ஆள். தம்பி மனைவி விளையாட வரமாட்டாள். எங்கள் சத்தம் தாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். நடுவில் இறங்கி வந்து பால் விடாத தே ஓ தேநீர் வைத்துவிட்டு, "இன்னும் அந்தப் பேய சாகடிக்கலியா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் இடைநிலைப் பள்ளியில் கணிதம் சொல்லித் தருகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் நீளம் என்று சொந்தத்தில் எனக்குப் பெயர். மூன்று பேரில் கதை நடத்துகிற வேலை என் தலையில் விழுந்ததும் அந்த வாயினால்தான்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதில் பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. ஒருவர் கற்பனையாக ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என் ஆள் இதைச் செய்கிறான், அதைச் செய்கிறான் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவோம். எங்கள் உலகத்தில் ராஜாக்கள் இருந்தார்கள், மந்திரவாதிகள் இருந்தார்கள், ஆற்றுக்கு அடியில் ஓர் ஊர் இருந்தது. நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. கோல்ஃப் ஆடப் போகிறவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று பதில் சொல்வேன்.

அந்த உலகத்தைக் கட்டத் தொடங்கியபோது எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. மந்திரம் பெரிதா, விதி பெரிதா? நண்பன் சிலோன் தமிழ்க் குடும்பம், பிள்ளை பிறந்த கையோடு சாதகம் எழுதி வைக்கிற வீடு. "விதிதான் மேல. மந்திரம்னா பரிகாரம் மாதிரி. வர்றது வரும், கொஞ்சம் மெதுவா வரும்" என்றான். தம்பிக்கு அது பொறுக்கவில்லை. "அப்ப எதுக்கு ஒருத்தன் மந்திரம் படிக்கணும்? எதுக்கு நாங்க முழங்கால் போட்டு ஜெபம் பண்ணணும்? எல்லாம் எழுதியாச்சுன்னா மாதாவுக்கு அங்க என்ன வேலை?" என்று கத்தினான். எனக்கு இருவர் சொன்னதும் உதவவில்லை. எல்லாம் எழுதியாகிவிட்டது என்றால் பகடை எதற்கு? மந்திரத்தால் எல்லாம் முடியும் என்றால் கதையில் பயம் எங்கே இருக்கும்?

கடைசியில் தம்பிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். கேட்கும் வரை யாருடைய முடிவும் எழுதப்படவில்லை. கேட்காத வரை மந்திரம் எதையும் செய்யலாம், வெட்டுப்பட்டவனைப் பிழைக்க வைக்கலாம், போன உயிரைக்கூடத் திருப்பலாம். ஆனால் குறிகாரன் ஒருவன் ஒருவருடைய முடிவு என்ன என்று கேட்டுவிட்டால், கதை நடத்துகிறவள் எல்லோர் கண் முன்னாலும் பகடையை உருட்டி, விழுந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு எந்த மந்திரமும் அதன்மேல் ஒட்டாது. அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொய் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் மேசைச் சட்டம்.

"இத எங்கேருந்து பிடிச்ச?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்டேருந்து" என்றான்.

உண்மைதான். எங்கள் அம்மா பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கிறார். கெட்டதை அதன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு ஆகாது. காய்ச்சல் என்றால் "உடம்பு கதகதன்னு இருக்கு" என்பார். புற்றுநோய் என்றால் "அந்த நோவு". யாராவது விபத்து, சாவு என்று பேச்செடுத்தால், "வாயில வைக்காத" என்று அதட்டுவார். வாயில் வைத்தால் பலித்துவிடும். ஒரு நாளும் செபமாலையைத் தவறவிடாத கத்தோலிக்கப் பெண்மணி, இதையும் அதே பக்தியோடு கடைப்பிடித்தார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த இருவர் உட்கார்ந்து ஓர் உலகத்தைப் படைத்தால் அது வேறு எப்படி இருக்கும்?

அந்தச் சட்டத்தின் கடுமையைக் கதைக்குள் ஒரு முறை பார்த்தோம். நண்பனின் வேடம் ஒரு போர்வீரன். அவனுடைய ராஜாவின் முடிவை எதிரி நாட்டுக் குறிகாரி ஒருத்தி கேட்டுவிட்டாள். பகடையில் இருப்பதிலேயே கெட்ட எண்ணான ஒன்று விழுந்தது. அந்தப் போரிலேயே ராஜா சாவார் என்று சொன்னேன். ராஜா காயம்பட்டு விழுந்தபோது தம்பி தனக்குத் தெரிந்த மந்திரம் அத்தனையும் போட்டுப் பார்த்தான். எதுவும் ஒட்டவில்லை. நண்பன் நிஜமாகவே கண் கலங்கி, "அவ கேட்காம இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்ல?" என்றான். அதற்குப் பிறகு எங்கள் உலகத்தில் குறிகாரனைக் கண்டால் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தம்பிக்கு அதில் ஒரு பெருமை. பயமுறுத்தி ஓசிச் சோறு சாப்பிடுவான்.

தம்பிக்கு வயிற்று வலி வந்தபோது கேஸ்ட்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். வலி முதுகுக்குப் போனது, கண் மஞ்சளானது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அவன் உள்ளே படுத்திருந்த நேரத்தில் டாக்டர் தம்பி மனைவியையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மலாய்க்காரப் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது. கீமோ ஊசி மருந்து போட்டுப் பார்க்கலாம், அது குணப்படுத்தாது. சில வாரங்களைக் கூட்டலாம், ஆனால் அந்த வாரங்கள் கட்டிலிலேயே போய்விடும். "எனக்கு ஒரு தம்பி இருந்து அவனுக்கு இப்படி வந்தால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்" என்றார்.

தம்பி மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொலோங் லா டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று மலாயும் தமிழுமாகக் கெஞ்சினாள். டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவராகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டால் நானாக ஆரம்பிக்க மாட்டேன், ஆனால் மருந்து தொடங்குவதற்குள் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்றார். எங்கள் மேசைச் சட்டத்தை இவர் எங்கே படித்தார் என்று எனக்கு ஒரு கணம் திகைப்பாக இருந்தது. தம்பி மனைவி சரி சரி என்று தலையாட்டினாள். சொல்ல மாட்டாள் என்று அப்போதே தெரிந்தது.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது இதுதான். பாலோ என்ற ஊரில் இருந்த எங்கள் சித்தப்பா தனக்கு அல்சர் என்று நம்பிக்கொண்டே செத்தார். சுற்றி நின்ற இருபது பேருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. நோயாளியைத் தவிர எல்லோரிடமும் நோயைப் பற்றிப் பேசுவது எங்கள் பாசம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கார் நிறுத்துமிடத்தில் அவளிடம் சண்டைக்கு நின்றேன்.

"தெரிஞ்சா அவரு அன்னிக்கே செத்துடுவாருக்கா. உங்க தம்பிய உங்களுக்குத் தெரியாதா?" என்று அழுதாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அவன்கிட்ட எதையும் வாயில வைக்காத" என்றார். நண்பனின் அம்மா எங்கிருந்தோ தம்பி பிறந்த நேரத்தை வாங்கிச் சாதகம் கணித்துப் பார்த்துவிட்டு, ஆயுசு கெட்டி என்று சொல்லி அனுப்பினார். எல்லோரும் அன்பானவர்கள். எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மருந்து வேண்டாம். அவனை பத்து பாகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மா வீட்டு முன்னறையில் படுக்க வைக்க வேண்டும். வாய்க்கு ருசி இருக்கிற வரை பிடித்ததைச் சாப்பிடட்டும். மகள் பக்கத்தில் விளையாடட்டும். எப்போது முடிகிறதோ அப்போது அங்கேயே முடியட்டும். அதற்கு அவனே மருந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் அவனுக்குத் தெரிய வேண்டும்.

மருந்து தொடங்குவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. விளையாடலாம் என்று தம்பிதான் கூப்பிட்டான். மனைவி மகளைப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு பிறந்தநாளுக்குக் கூட்டிப் போயிருந்தாள். சோபாவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, பழைய நினைப்பில் நண்பனைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தான். கதையில் அவர்கள் இருவரின் ஆட்களும் ஒரு பாலத்தின் முன்னால் நின்றார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் வர்ணிக்க ஆரம்பித்தேன். தம்பி பென்சிலைக் கீழே வைத்தான்.

"என் ஆளு கேட்கப் போறான்" என்றான்.

"என்னத்த? மழை வருமான்னா?" என்றான் நண்பன்.

"பெரிய கேள்விய."

"யாரோட முடிவ?"

"அவனோடதத்தான். குறிகாரனோட முடிவ."

நண்பனின் முகம் மாறிவிட்டது. அவனுக்கும் நாங்கள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். "வேணாம்டா. இப்ப எதுக்கு அது? மொதல்ல பாலத்தத் தாண்டுவோம்" என்றான். தம்பி அவனைப் பார்க்கவே இல்லை. "உருட்டுக்கா" என்றான்.

மேசைச் சட்டத்தை மீற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உருட்டினேன். பகடை தே ஓ கப்பில் மோதித் திரும்பி இருபதில் நின்றது. அதைவிடப் பெரிய எண் அந்தப் பகடையில் கிடையாது. குறிகாரன் கிழவனாவான், பல் எல்லாம் கொட்டிப்போகும், பேரப் பிள்ளைகள் மடியில் ஏறி மிதிப்பார்கள், சொந்தக் கூரைக்கடியில் தூக்கத்திலேயே போவான் என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "அலமாக்! இருபது லா!" என்று நண்பன் மேசையைத் தட்டிக் கத்தினான். பிறகு ஒரு போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். அவனுக்கு எந்தப் போனும் வரவில்லை.

"நல்லா இருக்கட்டும் அவன்" என்றான் தம்பி. குறிகாரனின் விவரம் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தான். "இப்ப எனக்குச் சொல்லு."

"என்ன சொல்ல?"

"நீ உருட்ட வேணாம். உனக்குத் தெரியும். எல்லாரும் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிக்கிட்டு சுத்துறீங்க. டாக்டர்கிட்ட கேக்கலாம்னா அவ ஒரு நிமிஷம்கூட என்னத் தனியா விட மாட்றா. நீதான் பொய் சொல்ல மாட்ட. சொல்லுக்கா."

சொன்னேன். கணையம், ஈரல், மருந்தால் குணமாகாது, மாதக் கணக்குதான், அதுவும் உறுதியில்லை. டாக்டர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். "நாளைக்குப் போக வேணாம். அம்மா வீட்டுக்குப் போலாம். நான் லீவு போட்டுடறேன், நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. சரியானதைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியும். அவதான் சொல்ல வேணாம்னா."

வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மகள் பலூனோடு ஓடி வந்தாள், பின்னாலேயே அவன் மனைவி. "எனக்குக் கேக் எங்க? நீங்களே தின்னுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டான் தம்பி. அந்தக் குரலில் இருந்த தெம்பைக் கேட்டு நான்தான் திடுக்கிட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையில் ஊசி ஏற்றியிருந்தது, மனைவி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் விளங்கியதா, தெரிந்துதான் ஒத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டர் அவனிடம் கேட்டாராம், விளங்குகிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டானாம். மனைவி இதை நிம்மதியாகச் சொன்னாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் நான் பாய்ந்தேன்.

"என்ன பண்ணிட்டு இருக்க நீ? நேத்து சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சு."

"அப்பறம்?"

"வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாக்கா. ஏன்னு சொன்னா எனக்குத் தெரியும்னு ஆயிடும். எனக்குத் தெரியாதுன்ற தெம்புலதான் அவ எழுந்து நடமாடிட்டு இருக்கா. அதையும் புடுங்கிட்டா விழுந்துடுவா. அவ விழுந்தா புள்ளைய யாரு பாக்கறது?"

"அப்ப என்ன மயித்துக்குடா என்கிட்ட கேட்ட?"

அவன் கோபப்படவில்லை. "தெரியாம இருக்க முடியல" என்றான். "நீ யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. சத்தியமா சொல்லு." ஆரஞ்சுத் தோல் கிடந்த அந்த மேசைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்ய?

நான் அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவன் அந்த வழியாகப் போகவே இல்லை. போக வேண்டியிருந்த பழைய வழியிலேயேதான் போனான், ஒரே வித்தியாசம், முன்னால் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அதை அவனிடமிருந்து எடுத்தவள் நான். அவன் கேட்டான், நான் சொன்னேன், சொன்னது சரிதான், இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சரியானதைச் செய்தும் இவ்வளவு பாழாகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதன்பிறகு அந்த வார்டில் நடந்ததைப் பார்க்கிற தண்டனை எனக்கு. மருந்து அவன் வாயைப் புண்ணாக்கியது. கஞ்சி இறங்கவில்லை. மனைவி தேறி வருவதாக எல்லோரிடமும் சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு கேமரன் மலைக்குப் போலாங்க. புள்ள ஸ்ட்ராபெரி தோட்டம் பார்க்கணும்னு சொல்லுது" என்பாள்.

"போலாம். எனக்கு ஸ்வெட்டர் எடுத்து வச்சிடு, அங்க குளிரும்" என்பான்.

அவள் ஸ்வெட்டரை எடுத்து வந்து காட்டினாள். அவன் தொட்டுப் பார்த்து நல்ல நிறம் என்றான். இருவருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள், அவள் அப்படியே நினைக்கட்டும் என்று அவன் நடித்தான். நடுவில் நான் நாற்காலியில் உட்கார்ந்து, கேமரனுக்கு எந்த ரோட்டில் போவது நல்லது என்று யோசனை சொன்னேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன்.

நண்பன் ஒரு மாலையில் பகடையை வார்டுக்கே கொண்டு வந்தான். குறிகாரனுக்குத்தான் முடிவு கட்டியாகிவிட்டதே, கிழவனாகாமல் அவன் சாக முடியாது. தம்பி அவனைத் தீக்குள் நடக்க வைத்தான். கோட்டை மதிலிலிருந்து குதிக்க வைத்தான். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் மூவருக்கும் அலுத்துவிட்டது.

"இனிமே உனக்கு மந்திரமே வேணாம்டா" என்றான் நண்பன்.

"ஆமா" என்றான் தம்பி. "முடிவு தெரிஞ்சவன் மந்திரத்த வச்சி என்ன பண்ணுவான்? பாவம், பயம்கூட இல்ல அவனுக்கு."

சட்டம் போட்டபோது கெட்ட பதில் வந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தோம். நல்ல பதிலும் கதையைக் கொன்றுவிடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குப் பகடையைப் பையில் போட்டதோடு சரி.

பிறகு ஒரு நாள், மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து, "ஃபாதர வரச் சொல்லுக்கா. நோயில்பூசுதல் வேணும் எனக்கு. ஆனா நான் கேட்டேன்னு தெரியக் கூடாது" என்றான். சாகக் கிடக்கிறவர்களுக்கு ஃபாதர் எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு அது, அவன் என்னிடம் கடைசியாகக் கேட்ட உதவி. தம்பி மனைவியிடம் தந்திரமாகப் பேசிப் பார்த்தேன். ஃபாதர் இப்போது எல்லா நோயாளிகளையும் பார்க்க வருகிறாராம், கால் உடைந்தவனுக்குக்கூட எண்ணெய் பூசுகிறாராம் என்று அளந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்கா. எண்ணெய்யக் கண்டா கடைசின்னு நினைச்சிடுவாரு. பயந்துடுவாரு" என்றாள். அம்மாவிடம் கேட்டேன். மகன் அந்த எண்ணெய் இல்லாமல் போய்விடுவானோ என்று ராத்திரி பகல் அழுகிறவர் அவர். அவரும், "அவன் மனசு உடஞ்சிடும், கொஞ்சம் பொறு" என்றார்.

கேட்டதே அவன்தான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சத்தியம் செய்திருந்தேன். அது மட்டும் காரணமில்லை. ஒரு முறை வாயைத் திறந்து என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன், இன்னொரு முறை திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஃபாதர் வந்தபோது அவனுக்கு நினைவு இல்லை. நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். அவனுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், வேண்டுதலில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்கு.

மறுநாள் மத்தியானம் வார்டிலேயே போனான். அம்மா வீட்டு முன்னறைக்குப் பெட்டியில்தான் வந்து சேர்ந்தான்.

பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லித் தருகிறவள் நான். புற்றுநோய்க் கட்டிக்குக் காது கிடையாது, நான் சொன்னது அதற்குக் கேட்டிருக்காது, அவன் முடிவு நான் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ந்துபோனது, எல்லாம் தெரியும். இருந்தும் பல் தேய்க்கும்போது, கேள்வித்தாள் திருத்தும்போது, அன்றைக்குத் தம்பி வீட்டு முன்னறையில் நான் பேசாமல் இருந்திருந்தால் என்று ஓடுகிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் நீ வாயில் வைத்ததால்தான் என்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? தம்பி மனைவி மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுதவே முடிகிறது.

நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அவனுடைய துணிமணிகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று பிரித்து வைக்க என்னை உதவிக்கு இருக்கச் சொன்னாள். கட்டிலில் சட்டைகளைக் குவித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தோம். மெலிந்துவிட்டாள். மகளைக் குளிப்பாட்டுகிறாள், பள்ளிக்கு அனுப்புகிறாள், வேலைக்குப் போய் வருகிறாள். அவன் சொன்னது சரிதான், அவள் விழவில்லை.

"ஒண்ண நினைச்சாதான் எனக்குத் தூக்கமே வருதுக்கா" என்றாள். "கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. நம்பிக்கையோடயே போனாரு. கேமரன் போலாம்னு சொல்லிட்டே போனாரு. நீங்க எங்க சொல்லிடுவீங்களோன்னு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? நீங்களும் எனக்காக வாயத் திறக்கல. அத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மடித்த சட்டையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."